ஒழுகும் நீருக்கு அளவு உண்டா?

சமயச் சடங்குக்கு உரிய நீர் எவ்வளவு இருக்க வேண்டும், அது உடல்மீதோ திருமேனிமீதோ எந்த வேகத்தில் ஒழுக வேண்டும், நெருப்பாலோ வெயிலாலோ சூடேறிய நீர் தூய்மை தரத் தகுதியுடையதா என்னும் மூன்று வினாக்களும் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் குளியலறைக்கு உரிய சில்லறைக் கேள்விகளாகத் தோன்றலாம். எனினும் சைவ ஆகம மரபும் இஸ்லாமியச் சட்டவியலும் கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு விதிகளும் இவற்றைத் தத்தம் முறையில் நுணுகி ஆராய்ந்திருக்கின்றன. இம்மூன்று மரபினரும் அயலவராக வாழும் நிலம் மன்னார். பெருநிலக் கரையில் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரமும், தீவினுள் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்களும், பேசாலை, தோட்டவெளி முதலிய கத்தோலிக்க ஊர்களும் ஒரே வெயிலையும் ஒரே நீர்த்தட்டுப்பாட்டையும் பங்கிட்டுக்கொள்கின்றன. விடுதிகளிலும் புதிதாக எழும் வீடுகளிலும் இப்போது பொருத்தப்பட்டுவரும் ஹீற்றர் எனப்படும் சுடுநீர்க் கருவி, இப்பழைய வினாக்கள் மீண்டும் எழுவதற்கு ஓர் இடத்தை உண்டாக்கியிருக்கிறது.

அக்கருவியின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. நீரைச் சேமித்து வைக்காமல் ஓடும்போதே சூடாக்கும் வகையில், மின்சுருள் தரும் வெப்பம் ஏறக்குறைய மாறாத ஓர் அளவு. அவ்வெப்பம் எவ்வளவு நீருக்குப் பங்கிடப்படுகிறது என்பதே வெளியே வரும் நீரின் சூட்டைத் தீர்மானிக்கிறது. ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும், 3.5 கிலோவாட் கருவி ஒரு நிமிடத்தில் 210 கிலோஜூல் தருகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடினால் நீர் 50 பாகை சூடேறும், இரண்டு லீற்றர் ஓடினால் 25 பாகை, நான்கு லீற்றர் ஓடினால் பன்னிரண்டரைப் பாகை. நுவரெலியாவில் 16 பாகையில் உள்ளே வரும் நீரை உடலுக்கு இதமான 41 பாகைக்குக் கொண்டுவர ஓட்டத்தை நிமிடத்துக்கு இரண்டு லீற்றராகக் குறைக்க வேண்டும். மன்னாரில், கூரைமேல் தாங்கியிலிருந்து 29 பாகையில் இறங்கிவரும் நீருக்கு அதே கருவியில் நான்கு லீற்றர் ஓட்டம் பொருந்தும், இரண்டு லீற்றர் விட்டால் நீர் 54 பாகையைத் தொட்டுத் தோலைச் சுடும். கருவியின் உள்வாயிலில் உள்ள திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒரு லீற்றர் போத்தல் பதினைந்து விநாடியில் நிரம்புமாறு ஓட்டத்தை அமைத்தால் அந்த நான்கு லீற்றர் கிடைத்துவிடும். (பகல் பன்னிரண்டு மணிக்கு மன்னாரில் ஹீற்றரே எதற்கு என்று கேட்பவருக்குத் தக்க விடை இல்லை, மாரிகாலத்து விடியற்காலையும், முதியோரும், பிறந்த குழந்தைகளும், நோயாளரும்தான் அதற்கான நியாயம்.)

ஓட்டத்துக்கு மேல் எல்லை இருப்பதுபோலவே கீழ் எல்லையும் உண்டு. குறித்த அளவுக்குக் கீழே ஓட்டம் தளர்ந்தால், வெறுஞ்சுருள் எரிந்துவிடாதிருக்க, கருவியினுள் உள்ள ஓட்ட விசை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தாங்கி மூன்று மீற்றர் உயரத்தில் மட்டுமே இருக்கும் வீடுகளில் அழுத்தம் வளியழுத்தத்தின் பத்தில் மூன்று பங்கு அளவே கிடைப்பதால் இத்தடை அடிக்கடி நேர்வது இயல்பு. சுண்ணக்கற் படுகையிலிருந்து எடுக்கப்படும் முருங்கன் பகுதி நிலத்தடி நீர் போன்ற கடின நீர், சூடேறும்போது சுண்ணப் படிவை விட்டுச் செல்வதால், இன்று சரியாக அமைத்த ஓட்டம் காலப்போக்கில் தானாகவே குறுகுவதும் உண்டு. சுருங்கச் சொன்னால், ஓட்டம் ஒரு கீழ் எல்லைக்கும் ஒரு மேல் எல்லைக்கும் இடையே நிறுத்தப்பட வேண்டியது. சடங்கு நீரைப் பற்றிச் சமய நூல்கள் வகுக்கும் விதிகளும் இதே வடிவில் அமைந்திருப்பதுதான் இங்கே ஆராய்தற்குரியது.

சைவ மரபில் தொடங்கலாம். சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற திருக்கேதீச்சரம் பாலாவி என்னும் தீர்த்தத்தின் கரையில் அமைந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த அக்கோயிலை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் குரல் கொடுத்தார்; 1894இல் அவ்விடம் அகழப்பட்டபோது வெளிப்பட்ட பழைய இலிங்கம் இன்று மகாலிங்கம் என வழிபடப்படுகிறது. சிவராத்திரி நாளில் அடியவர் பாலாவியில் நீர் முகந்து தீர்த்தக் காவடியாகச் சுமந்துவந்து, சாதி, ஊர் என்ற வேறுபாடின்றித் தம் கையாலேயே அந்த மகாலிங்கத்துக்கு ஊற்றுகின்றனர். ஒருவர் கொண்டுவருவது ஒரு குடம் அல்லது ஒரு செம்பு. பாலாவி முழுவதையும் கால்வாய் வெட்டிக் கருவறைக்குள் திருப்பிவிட்டால் வழிபாடு பெருகும் என்று எவரும் எண்ணியதில்லை. இதனினும் நுட்பமானது தாராபாத்திரம். இலிங்கத்தின் உச்சிக்கு நேர் மேலே தொங்கவிடப்படும் இப்பாத்திரத்தின் அடியில் உள்ள சிறு துளையில் நூலையோ தருப்பையையோ செருகி, நீர் அறுபடாமலும் பெருகாமலும் துளி துளியாக இறங்குமாறு செய்வர். வேனிலின் கடும் வெப்ப நாள்களில் இது சிறப்பாகப் பேணப்படுகிறது. துளை அடைபட்டால் தாரை அறுகிறது, துளை அகன்றால் பாத்திரம் நாழிகைக்குள் வெறுமையாகிவிடுகிறது. இரண்டுமே பூசைக்குக் குறை. ஓட்டத்தை அமைக்கும் வேலை இங்கே வழிபாட்டுக்கு முந்திய ஓர் ஆயத்தமாக நின்றுவிடாமல் வழிபாட்டின் உள்ளேயே இடம்பெற்றிருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். நூற்றெட்டுக் குடம், ஆயிரத்தெட்டுச் சங்கு என்று நீரையும் பாலையும் பெருக்கிக் காட்டும் அபிடேகங்கள் அளவைப் போற்றுகின்றனவா, அளவின்மையைப் போற்றுகின்றனவா என்பது அத்தடை. சங்கு ஒவ்வொன்றும் எண்ணிக்கைக்கு உட்பட்டது, ஒவ்வொன்றுக்கும் இடமும் மந்திரமும் குறிக்கப்பட்டவை, ஆயிரத்தொன்பதாவது சங்கு அங்கே பொருளற்றது என்று கூறி அத்தடையை நீக்கலாம். ஆனால் பக்தியின் ஆழத்தை லீற்றர்க் கணக்கில் காட்ட விரும்பும் அண்மைக் கால வழக்கங்கள் சிலவற்றுக்கு இந்த விடை பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகமம் வகுத்த பெரும் எண் வேறு, உபயகாரரின் செல்வத்தைக் காட்டும் பெருக்கு வேறு.

நீராட்டைப் பற்றிய சைவ விதிகளும் இதே போக்கில் செல்கின்றன. நீரில் மூழ்குவது வாருணம் எனப்படும். திருநீற்றை உடல் முழுதும் பூசுவது ஆக்கினேயம், அதாவது நெருப்பின் நீராட்டு எனப்படும். நீருக்குப் பதிலாக மந்திரமும் தியானமும் நிற்கும் வகைகளும் உள்ளன. முழுகுவதற்கு இயலாத நோயாளர் ஈரத் துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதும் கபில ஸ்நானம் என்ற பெயரில் ஏற்கப்பட்டிருக்கிறது. நெருப்பே தூய்மையாக்கும் பொருளாக ஏற்கப்பட்ட மரபில், நீர் நெருப்பால் சூடானது என்பது மட்டும் குற்றமாகிவிட முடியாது. திருகோணமலையை அடுத்த கன்னியாவில் இயற்கையாகவே வெவ்வேறு சூட்டில் ஊறும் ஏழு கிணறுகள் நீத்தார் கடன்களோடு தொன்றுதொட்டுத் தொடர்புபட்டிருப்பதும் இதற்கு அரணாகும்.

இவ்விதிகளுக்குப் பின்னால் உள்ள தத்துவம் சைவ சித்தாந்தத்தில் சத்திநிபாதம் என்னும் கோட்பாட்டில் தெளிவாகிறது. இறைவனின் அருட்சத்தி ஆன்மாவிடத்தே பதிவதைக் குறிக்கும் இக்கோட்பாடு, அப்பதிவை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு தரமாக வகுக்கிறது. அதாவது மிக மெல்ல, மெல்ல, விரைவாக, மிக விரைவாக. பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் வழியில் நிற்பவர்கள், இந்நான்கு தரங்களுக்கும் காரணம் அருளில் உள்ள ஏற்றத்தாழ்வு அன்று, ஆன்மாவைப் பிணித்த ஆணவ மலம் எந்த அளவுக்குப் பக்குவப்பட்டிருக்கிறது என்பதே என விளக்குவர். அப்பக்குவம் மலபரிபாகம் எனப்படும். ஒரே கருவி நுவரெலியாவில் ஓர் ஓட்டத்தையும் மன்னாரில் வேறோர் ஓட்டத்தையும் வேண்டுவதற்குக் காரணம் கருவியில் இல்லை, உள்ளே வரும் நீரின் நிலையில் இருக்கிறது என்பதை இதனோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிந்துபோகிறது. முறியும் அந்த இடமே இங்கு முதன்மையானது. மின்சுருளின் வெப்பம் பங்கிடப் பங்கிடக் குறைவது; அருள் அவ்வாறு குறைவதில்லை, ஒருவர் பெற்றதனால் மற்றொருவருக்குப் பங்கு சுருங்குவதில்லை. அங்ஙனமாயின் சடங்கு நீருக்கு அளவு வைத்தது எதனால்? அருளைச் சிக்கனப்படுத்துவதற்காக இருக்க முடியாது. அளவுக்குரிய காரணத்தைக் கொடுப்பவரின் பக்கத்தில் தேடாமல் பெறுபவரின் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

இதே முடிவுக்கு இஸ்லாமியச் சட்டவியல் வேறொரு வழியில் வந்து சேர்கிறது. ஓட்டத்தையும் வெப்பத்தையும் பற்றி மிக விரிவாகப் பேசும் மரபும் அதுவே. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அதாவது இமாம் ஷாபிஈயின் வழிவந்த சட்டப் பள்ளியில், தொழுகைக்கு முன் முகம், கை, கால் முதலிய உறுப்புகளைத் தூய்மை செய்யும் வுழூவில் கழுவுதல் வேறு, ஈரக் கையால் தடவுதல் வேறு. கழுவுதல் என்றால் நீர் உறுப்பின்மீது ஒழுகிச் செல்ல வேண்டும். முகத்தில் ஈரம் பட்டது என்பது மட்டும் போதாது. இது கீழ் எல்லை. மேல் எல்லையும் அதே அளவு தெளிவானது. நபிகள் நாயகம் ஒரு முத் அளவு நீரில் வுழூச் செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையான நீரில் குளித்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. முத் என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு, முக்கால் லீற்றருக்குள் அடங்குவது. ஸாஉ அதன் நான்கு மடங்கு. நிமிடத்துக்கு ஆறு லீற்றர் ஒழுகும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்து வுழூச் செய்பவர் பன்னிரண்டு லீற்றரைச் செலவிடுகிறார். முன்மாதிரியின் பதினாறு மடங்கு அது. உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவுவது வெறுக்கத்தக்கது என்பதும், கழுவியது போதவில்லையோ என்று மீண்டும் மீண்டும் ஐயுறும் மனநிலை வஸ்வாஸ், அதாவது ஷைத்தானின் ஊசலாட்டம் என்பதும் சட்ட அறிஞர்களின் உறுதியான கருத்து.

ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் வுழூவில் வீண்விரயம் கூடாது என்று பொருள்படும் ஓர் அறிவிப்பு இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்று ஹதீஸ்கலை அறிஞர் பலர் கூறியிருப்பினும், கருத்தை அறிஞர் பெரும்பாலும் ஏற்றிருக்கின்றனர். ஆற்றங்கரையில் நீருக்குப் பஞ்சம் இல்லை. முகந்த நீர் உறுப்பிலிருந்து வழிந்து மீண்டும் ஆற்றிலேயே சேர்கிறது. எவருடைய பங்கும் குறைவதில்லை. அங்கேயும் விரயம் விரயமே என்றால், அளவுக்குக் காரணம் பற்றாக்குறை என்று சொல்வதற்கு இடமில்லை. கூடுதலான நீரே கூடுதலான தூய்மை என்று நம்புபவர், தூய்மையை இறைவன் அளிப்பதாகக் கருதாமல் தன் கையிலுள்ள குழாய் அளிப்பதாகக் கருதத் தொடங்கிவிடுகிறார். சட்டம் தடுப்பது இந்த மயக்கத்தையே எனலாம்.

வெப்பத்தைப் பற்றிய ஷாபிஈ விவாதம் மன்னாருக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. மதரஸாக்களில் தொடக்கப் பாடமாக ஓதப்படும் அபூ ஷுஜாஉவின் சுருக்க நூல் நீரை வகைப்படுத்தும்போது, தானும் தூயதாய்ப் பிறவற்றையும் தூய்மையாக்கக்கூடியதாயினும் பயன்படுத்துவதற்கு வெறுக்கத்தக்கது என ஒரு வகையைக் கூறுகிறது. வெயிலில் சூடேறிய நீர் அது. இவ்வெறுப்பு எல்லா இடத்துக்கும் உரியதன்று: வெப்ப நாடாக இருக்க வேண்டும், நீர் இரும்பு, செம்பு போன்ற உலோகப் பாத்திரத்தில் இருந்திருக்க வேண்டும், சூடு ஆறுமுன் உடலில் பட வேண்டும் என்று உரையாசிரியர்கள் நிபந்தனைகளை அடுக்குகின்றனர், அதனால் தோலில் வெண்குட்டம் உண்டாகும் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே பள்ளியின் பேரறிஞரான, பதிமூன்றாம் நூற்றாண்டுத் திமிஷ்கைச் சேர்ந்த இமாம் நவவி, இதற்கான அறிவிப்புகள் வலுவற்றவை என்று ஆராய்ந்து, வெறுப்பு இல்லை என்ற முடிவையே விரும்பினார். மன்னாரின் கூரைகள்மீது நாள்தோறும் காயும் கறுப்புத் தாங்கிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை; ஆகவே பழைய கருத்தையே கடைப்பிடிப்பவருக்கும் அவை நிபந்தனைக்கு வெளியே நிற்கின்றன. உலோகக் குழாய்களைக் கொண்ட சூரிய சுடுநீர்க் கருவியைப் பற்றி ஐயம் எழலாம். நவவியின் வழியில் செல்பவருக்கு அந்த ஐயத்துக்கும் இடமில்லை. நெருப்பால் சூடான நீருக்கு இத்தகைய தடை கூறப்படவில்லை. ஆனால் அளவு மீறிச் சூடான நீரும் அளவு மீறிக் குளிர்ந்த நீரும் வெறுக்கத்தக்கவை, ஏனெனில் அவை உறுப்பை நிறைவாகக் கழுவவிடாமல் ஒருவரை அவசரப்படுத்தும். 54 பாகை நீரில் முகம் கழுவுபவர் நீரை எட்டவைத்துத் தெளித்துவிட்டு நகர்ந்துவிடுவார், கழுவுதல் என்ற கடமை அங்கே குறைபட்டுவிடும். ஹீற்றரின் திருகாணியைச் சரியாக அமைப்பது இவ்வகையில் வெறும் வசதி சார்ந்த செயலாக இராமல் சட்டவியலின் எல்லைக்குள்ளும் வந்துவிடுகிறது.

கத்தோலிக்க மரபு இவ்வினாவை ஒரே ஒரு சடங்கில் குவித்துப் பார்க்கிறது. 1544ஆம் ஆண்டு, புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது. அவர்களுடைய நினைவைத் தோட்டவெளி வேதசாட்சிகளின் தலம் பேணிவருகிறது. அத்தனை பெரிய விலையைக் கோரிய சடங்குக்குத் தேவைப்படும் நீர் மிகச் சிறிது. முழுக்காட்டியோ தலைமீது ஊற்றியோ கொடுக்கலாம் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் விதி. நீர் உண்மையான நீராக இருக்க வேண்டும். ஊற்றும்போது தோலின்மீது ஒழுக வேண்டும், ஒழுகாமல் ஈரம் மட்டும் பட்டால் சடங்கின் செல்லுபடி ஐயத்துக்குரியதாகும் என்று இறையியலாளர் கூறிவந்தனர். வெப்பத்தைப் பற்றியும் இம்மரபு மௌனமாக இல்லை. பன்னிரு திருத்தூதர் போதனை என்று பெயர்பெற்ற டிடாக்கே, முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் சிறுநூல். 1873இல் கண்டெடுக்கப்பட்டு 1883இல் வெளியானது. அது ஓடும் நீரை முதலில் வைத்து, அது கிடையாதபோது வேறு நீரையும், குளிர்ந்த நீர் இயலாதபோது வெந்நீரையும், இரண்டும் போதாதபோது தலைமீது மும்முறை ஊற்றுவதையும் அனுமதிக்கிறது. தட்பவெப்பம் வேண்டினால் நீரை முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சடங்குநூலின் முன்னுரையும் இடம் தருகிறது. நீர் பெறும் முன்பே விசுவாசத்துக்காக உயிர்நீத்தவருக்கு அந்த மரணமே இரத்தத் திருமுழுக்காகும் என்பதும் திருச்சபையின் போதனை. கிறிஸ்தவ இறையியல் நீரின் அளவை எவ்வளவு கீழே இறக்கத் துணிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும் நீர் இருக்கும் இடத்தில் அது ஒழுகியே ஆக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஆகவே கீழ் எல்லை மூன்று மரபுகளிலும் அடையாளத்தின் உண்மையைக் காக்கிறது: ஒழுகாத நீர் கழுவியதாகாது, அறுபட்ட தாரை தாரையாகாது. மேல் எல்லை காப்பது செய்பவரை. அளவில்லாத அருளின் முன் நிற்பவர் தன் பங்குக்குத் தானும் அளவில்லாமல் ஊற்றினால் அருளுக்கு ஈடுகொடுத்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பான மயக்கம். பக்தர்களிடமே அது மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரு செம்பு, ஒரு முத், மூன்று முறை ஊற்றல் என்று வரையறுப்பது, உன் செயலால் இது நிறைவேறவில்லை, உனக்குக் குறித்ததைச் செய்து நிறுத்து என்று அவருக்கு நினைவூட்டுகிறது.

இக்காலத்தில் சமய நிறுவனங்கள் நீர்ச் சிக்கனத்தைப் பேசும்போது பெரும்பாலும் சூழல் காரணங்களையே முன்வைக்கின்றன. மன்னாருக்கு அது பொருந்தாத பேச்சு அன்று: ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர், அதுவும் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது, தீவின் மணலில் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை, மிகுதியாக இறைத்தால் உவராகிவிடும். ஆனால் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் கொண்டால், அருவியாற்றுத் தேக்கத்திலிருந்து நீர் பெறும் கட்டுக்கரைக் குளம் நிறைந்து வான் பாயும் மாரிகாலத்தில் அக்காரணம் செயலற்றுப்போய், குழாயை முழுவதும் திறந்துவிடுவது குற்றமற்றதாகிவிடும். குளம் நிறைந்த நாளிலும் துருசைக் கமக்காரர் தம் விருப்பப்படி திறப்பதில்லை. வயலுக்கு வேண்டியது பெருக்கன்று, முறையான பாய்ச்சல் என்பது அவர்களுக்குத் தெரியும். சமய விதிகளும் நீர் நிறைந்திருக்கும் காலத்தையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆற்றங்கரையைப் பற்றிய அந்த அறிவிப்பு அதனை நேராகவே சொல்கிறது. ஆதலால் சூழல் காரணத்தைத் துணையாக ஏற்றுக்கொள்ளலாம், மூலமாக ஏற்க முடியாது.

கோயில்களின் கிணற்றடிக் குழாய்களையும், பள்ளிவாசல்களில் வுழூச் செய்யும் இடத்துக் குழாய்களையும், ஆலய விருந்தினர் இல்லங்களின் ஹீற்றர்களையும் பொருத்துபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், பரிபாலன சபைகளும் நிருவாகங்களும் பங்குச் சபைகளும் ஓட்டத்தை அளந்து அமைப்பித்து, சுண்ணம் படிந்து ஓட்டம் மாறியிருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். இதற்கு வேண்டியவை ஒரு போத்தலும் ஒரு கடிகாரமும் ஒரு திருப்புளியும் மட்டுமே.